அப்பாவோட கிரியாட்டினின் பத்தி

கண்ணம்மா,

அப்பா ரிப்போர்ட்ட பாத்துட்டு "கிரியாட்டினின் 0.6 தான், கிட்னி சூப்பர்"னு மெசேஜ் போட்டிருந்தியே, அதுக்கு தான் இத எழுதறேன், போன்ல பேசலாம்னா அவர் பக்கத்துலயே உக்காந்துருப்பார். டாக்டர் என்ன சொன்னார்னா கிரியாட்டினின் தசையிலேர்ந்து வர்ற கழிவு, வயசாகி தசை கரைஞ்சா அதுவும் கம்மியா தான் காட்டும், அத மட்டும் வச்சு கிட்னி நல்லாருக்குன்னு நம்பிட முடியாதாம். சிஸ்டாட்டின் சி-ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அது தசைய அவ்வளவா பொறுத்தது இல்ல, அத எழுதி குடுத்திருக்கார்.

நீ கேட்ட மத்த ரத்த டெஸ்ட், அதான் அழற்சியோட சேர்ந்த ஐஎல்-6, சிஆர்பி, தசை வளராம தடுக்கற மயோஸ்டாட்டின், எல்லாம் வேண்டாம்மா. சிஆர்பி ஒரு காய்ச்சல் வந்தாலே ஏறிடும். ரத்தத்த மட்டும் பாத்து சார்கோபீனியா, அதாவது வயசானா தசையும் பலமும் கொறையற நோய்னு உறுதியா சொல்ற ஒரு டெஸ்ட் இன்னும் வரல. இதுல ஐஎல்-6 தான் எனக்கு ரொம்ப ஆச்சரியம், அது எந்நேரமும் ஜாஸ்தியாவே இருந்தா தசைக்கு கெடுதல், ஆனா எக்ஸர்சைஸ் பண்றப்போ தசையே அத வெளிய விட்டு, அது உடம்போட அழற்சிய அடக்கிட்டு கொஞ்ச நேரத்துல எறங்கிடுதாம்!

டாக்டர் ரூம்லயே கைய மார்ல கட்டிக்கிட்டு நாற்காலிலேர்ந்து அஞ்சு தடவ எழுந்து உக்கார சொன்னார். ஆசியாகாரங்களுக்கு 2019ல வச்ச கணக்குப்படி 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா தசைய கவனிக்கணும். அப்பாவுக்கு மேல தான் ஆச்சு. தி.நகர்ல பஸ் ஏறும்போது கம்பிய ரெண்டு கையாலயும் இழுத்து தான் ஏறறார், அது எனக்கு முன்னாடியே கவலை.

தினம் பனகல் பார்க்ல நடக்கறாரேன்னு கேப்ப. நடை இதயத்துக்கு நல்லது, தசைக்கு எடை வேணும். 1990ல அமெரிக்கால முதியோர் இல்லத்துல 90 வயசு ஒட்டினவங்கள 8 வாரம் காலால எடை தூக்க வச்சாங்க, கால் பலம் ரெண்டு மடங்குக்கு மேல ஏறிச்சு. அவங்களுக்கே முடிஞ்சுதுன்னா உங்கப்பாவுக்கு கண்டிப்பா முடியும்டி.

சாப்பாடும் மாத்தணும், இட்லி, ரசம் சாதம், மோர் சாதம்னு போனா புரதம் எங்கேர்ந்து வரும்? உடம்பு எடையில கிலோவுக்கு தினம் 1லேர்ந்து 1.2 கிராம் வேணுமாம். கிட்னி ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் சுண்டல், பனீர் எல்லாம் ஏத்தறேன்.

நான் சொன்னா "சரி சரி"ன்னு பேப்பர பிரிச்சுடுவார், நீ சொன்னா கேப்பார். வீடியோ கால்ல நீ எண்ணு, அவர் எழுந்து உக்காரட்டும். அடுத்த ரத்த டெஸ்ட் பேக்கேஜ் புக் பண்ணாத, அந்த காசுக்கு ரெசிஸ்டன்ஸ் பேண்ட், அதான் இழுத்து எக்ஸர்சைஸ் பண்ற ரப்பர் பட்டை, ரெண்டு வாங்கி அனுப்பு, லேசா இழுக்கற மாதிரி பாத்து வாங்கு.

அம்மா