எர்த் கம்பியை முதலில் மாட்டு

கும்பகோணம்
கார்த்திகை 9

அன்புள்ள சேது,

இங்கு அனைவரும் நலம். ஆம்ப்ளிஃபயர் வந்திருக்கிறது, எந்தக் கம்பியை எங்கே சொருகுவது என்று ஆவணியிலேயே கேட்டு எழுதியிருந்தாய். பேத்தி பிறந்த அலைச்சலில் மூன்று மாதம் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். அந்தத் தாமதம் எவ்வளவு பெரிய பிழை என்பது முந்தாநாள் வந்த உன் இரண்டாவது கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஸ்பீக்கரில் கேட்ட உறுமல் தாங்காமல் எலக்ட்ரீஷியனை அழைத்ததாகவும், அவர் மூன்று பின் பிளக்கைத் திறந்து பச்சைக் கம்பியை வெட்டிவிட்டதாகவும், உடனே உறுமல் நின்றுவிட்டதாகவும், இனி நான் சிரமப்பட்டு எழுத வேண்டியதில்லை என்றும் மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறாய். எனக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை.

சேது, இந்தக் கடிதத்தை இத்துடன் மடித்து வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு வா. மீதியைப் பிறகு படிக்கலாம்.

அந்தப் பச்சைக் கம்பிதான் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த்; அது ஒலிக்காக வைத்தது அன்று, உயிருக்காக வைத்தது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் மின்காப்பு என்றாவது நைந்து 230 வோல்ட் அந்த இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டால், எர்த் ஒழுங்காக இருக்கும் வீட்டில் பெருமின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து ஃபியூஸ் போய்விடும், அத்தோடு முடிந்தது. எர்த் இல்லாத வீட்டில் ஃபியூஸ் போகாமல் பெட்டி 230 வோல்ட்டைத் தாங்கியபடி அமைதியாக இருக்கும், பாட்டும் வழக்கம்போலக் கேட்கும். ஈரக்கையோடு முதலில் தொடுகிறவர் உடல் வழியே அது தரைக்கு இறங்கும். உன் பேரன் குமிழ்களைத் திருகிப் பார்ப்பதில் ஆர்வமுள்ளவன் என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டு பின்னோடு வரும் கருவிகள் வேறு வகையைச் சேர்ந்தவை; அவற்றின் பின்புறத்தில் சதுரத்துக்குள் ஒரு சதுரம் வரைந்திருக்கும், அவற்றுக்கு எர்த் தேவையில்லை. உன்னுடையது மூன்று பின்னோடு வந்தது என்றால், செய்தவர்கள் எர்த்தை நம்பித்தான் செய்திருக்கிறார்கள்.

கம்பியை வெட்டியதும் உறுமல் நின்றது உண்மைதான், ஆனால் அது ஏன் நின்றது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நீ தொலைக்காட்சியின் ஒலியையும் ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுவந்திருக்கிறாய். செட்டாப் பாக்ஸுக்குள் நுழையும் கேபிள்காரரின் கம்பி தெருக் கம்பத்திலிருந்து வருகிறது, அதன் வலையுறை வேறெங்கோ ஓரிடத்தில் எர்த் ஆகியிருக்கிறது. உன் வீட்டு எர்த்துக்கும் அந்த எர்த்துக்கும் இடையே சிறிது வோல்ட்டேஜ் வேறுபாடு இருந்தாலே போதும், இரண்டையும் இணைக்கும், ஒலியைக் கொண்டுவரும் ஆர்சிஏ கம்பியின் வெளியுறை வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்கும். பாட்டுக்கும் அதே உறைதான் திரும்பும் பாதை என்பதால் ஓடுவதெல்லாம் ஸ்பீக்கரில் உறுமலாகக் கேட்கும். எலக்ட்ரீஷியன் அறுத்தது அந்த வளையத்தைத்தான், ஆனால் அறுக்கவே கூடாத இடத்தில் அறுத்தார். இப்போது உன் ஆம்ப்ளிஃபயருக்கு இருக்கும் ஒரே எர்த், செட்டாப் பாக்ஸ் வழியாகப் போகும் அந்த மெல்லிய வலையுறைதான்.

ஆகையால் புதிய பிளக் ஒன்றை வாங்கி, எர்த்தை மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விட்டு மாட்டச் சொல். யாராவது இழுத்தால் கடைசியாகக் கழல வேண்டிய கம்பி அது. உறுமல் திரும்பி வரும், வரட்டும். அப்போது செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள்காரரின் திருகுக் கம்பியை மட்டும் கழற்றிப் பார். அந்தக் கணமே உறுமல் நின்றால் நான் சொன்ன வளையம்தான் காரணம். உன் தொலைக்காட்சியிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஆப்டிகல் துளை இருந்தால் கவலையே இல்லை; அந்தக் கம்பியில் ஒளி மட்டுமே போவதால் எர்த் வளையம் உருவாகவே வழியில்லை. துளை இல்லையென்றால், ஆர்சிஏ கம்பிக்கு நடுவே போடும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் என்று கேட்டு வாங்கு; இரு பக்கக் கம்பிகளும் தொடாமலே ஒலியை மட்டும் அது கடத்தும். எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் சொருகுவதும் சில சமயம் உதவும்.

உன் பிளக்கைப் பற்றிய கவலையோடுதான் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சொல்கிறேன். சித்தப்பாவின் ரெக்கார்டு பிளேயரைப் பரணிலிருந்து இறக்கினேன்! திண்ணையில் நம்மைத் தொடவிடாமல் இரண்டடி தள்ளி உட்காரவைத்துக் கேட்கவைப்பாரே, அதே பெட்டி. பெல்ட்டும் ஊசியும் புதிதாக வாங்கிப் போட்டு, காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத் தட்டை வைத்தேன். ஒலி வந்தது, ஆனால் எங்கோ பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல மெலிந்து, கூச்சலாக வந்தது. தவிலில் வலந்தலையின் விரல் அடி ஊசியாகக் குத்தியது, தொப்பி எனும் இடப்பக்கத்தில் கழி விழும் கனத்த ஓசை அறவே இல்லை. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் பார்த்தபோதுதான் சிடி பிளேயர் போன்றவற்றுக்கான ஆக்ஸ் துளையில் மாட்டியிருந்தது தெரிந்தது.

இந்த மாதிரி ரெக்கார்டு பிளேயருக்கு ஃபோனோ என்று எழுதிய துளை மட்டுமே பொருந்தும். ஊசி தருவது சுமார் 5 மில்லிவோல்ட், சிடி பிளேயர் தரும் 2 வோல்ட்டில் நானூறில் ஒரு பங்கு. அதோடு, தட்டை வெட்டும்போதே கீழ் ஒலிகளைக் குறைத்தும் மேல் ஒலிகளைக் கூட்டியும்தான் வெட்டுகிறார்கள்; கீழ் ஒலியை முழுதாக வெட்டினால் ஒரு பள்ளத்தின் அலைவு அடுத்த பள்ளத்தில் போய் இடிக்கும். இந்தக் கணக்கு 1954இல், அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏவின் பெயரில் பொதுவானது. ஃபோனோ துளைக்குப் பின்னால் இருக்கும் சர்க்யூட் அதைத் தலைகீழாக்கி, குறைத்ததைக் கூட்டிக் கொடுக்கிறது. கம்பியை மாற்றிச் சொருகியதும் தொப்பி அறைக்குள் வந்து விழுந்தது சேது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு உறுமலும் வந்தது. 50 ஹெர்ட்ஸை அந்தச் சர்க்யூட் நடு ஒலிகளைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு தூக்கிக் கொடுக்கும், சும்மா விடுமா? பிளேயரிலிருந்து தனியாக ஒரு மெல்லிய கம்பி நுனியில் கவை வைத்துத் தொங்கும். அதை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ஜிஎன்டி, அதாவது எர்த், என்று எழுதிய திருகில் இறுக்கியதும் உறுமல் அடங்கியது. இது ஊசியின் கைக்கும் பெட்டிக்குமான எர்த், உன் பிளக்கின் பச்சைக் கம்பி வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. ஒன்று போனால் காது உறுத்தும், மற்றது போனால் ஆள் போய்விடும்.

ஸ்பீக்கர் ஒயர் மாட்டும்போது சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடு. முனையில் ஒரு செம்பு இழை வெளியே நீண்டு அடுத்த முனையைத் தொட்டாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும் என்பதால் இழைகளை முறுக்கி முழுவதும் உள்ளே தள்ள வேண்டும். 50 வாட் என்றால் 8 ஓம் ஸ்பீக்கரில் 20 வோல்ட், இரண்டரை ஆம்பியர். காலிங் பெல்லுக்குப் போடும் மெல்லிய ஒயர் இதற்கு ஆகாது. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இரண்டு பக்கமும் பார்த்து மாட்டு. ஒன்று மாறிவிட்டால் ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்துக் கீழ் ஒலியைத் தின்றுவிடும். சோதிக்க, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியைத் தரும் மோனோ தட்டுதான் சிறந்தது. சரியாக மாட்டியிருந்தால் நாதஸ்வரம் இரண்டு பெட்டிகளுக்கும் நட்டநடுவே, வெற்றுச் சுவரிலிருந்து வாசிப்பதுபோல நிற்கும். என் வீட்டில் இப்போது அப்படித்தான் நிற்கிறது, தையில் வந்து கேள்.

இயற்பியல் செய்முறையில் என் நோட்டைப் பார்த்து எழுதியவன் நீ. இந்தக் கடிதத்தையும் அப்படியே ஒரு வரி விடாமல் பார்த்துச் செய். பச்சைக் கம்பி ஏறியதும், மணி எதுவானாலும், தொலைபேசியில் கூப்பிட்டு ‘ஏறிவிட்டது’ என்ற ஒரு சொல்லை மட்டும் சொல். அதுவரை நானும் இங்கே தட்டு வைக்கப் போவதில்லை.

அன்புடன்,
உன் கோபாலன்