மருந்தை வீட்டுக்கு அனுப்புங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை அமைச்சர், செயலாளர், இயக்குநர்கள் ஆகியோருக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளின் பொது மருத்துவ வார்டிலும் எலும்பு முறிவு வார்டிலும் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றே. இரத்தக் குழாய் வழியே ஏற்ற வேண்டிய ஓர் ஆன்டிபயாடிக் மருந்துக்காக மட்டுமே வாரக்கணக்கில் படுக்கையில் இருத்தப்படும் நோயாளிகளுக்கு, அம்மருந்தை வீட்டிலோ வீட்டருகே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முறையான கண்காணிப்புடன் செலுத்தும் ஏற்பாட்டை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இந்த நோயாளிகள் யார் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சர்க்கரை நோயால் காலில் புண் வந்து, கிருமி எலும்பு வரை இறங்கியவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு வாரம் மருந்து தேவைப்படுகிறது. இதய வால்வில் கிருமி தொற்றியவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மாத்திரை எதற்கும் கட்டுப்படாத கிருமியால் சிறுநீரகத் தொற்று வந்து, ஊசி மருந்து மட்டுமே பலிக்கும் நிலையில் இருப்பவர்கள் இப்போது எல்லா வார்டிலும் இருக்கிறார்கள். முதல் சில நாள்கள் இவர்கள் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சீழை அகற்ற வேண்டும், கிருமி எது என்று கல்ச்சர் பரிசோதனையில் கண்டறிய வேண்டும், காய்ச்சல் தணிந்து இரத்த அழுத்தம் நிலைப்பதை உறுதி செய்ய வேண்டும். அந்த நாள்களைச் சுருக்க எவரும் முயலக் கூடாது.

அதற்குப் பிந்தைய வாரங்களைப் பற்றியே பேசுகிறேன். செஃப்ட்ரியாக்சோன், எர்டாபெனம் போன்ற மருந்துகள் பல நோயாளிகளுக்கு நாளுக்கு ஒரு வேளை போதும். ஏற்றி முடிக்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும், தானே எழுந்து நடந்து, தானே சாப்பிட்டு, தானே குளிக்கக்கூடிய ஒருவர் மறுநாள் ஊசிக்காக அந்தக் கட்டிலில் காத்திருக்கிறார். கையில் வென்ஃப்ளான் என்னும் சிறு ஊசிக்குழாய் போட்ட இடம் சில நாள்களில் வீங்கிவிடும். வேறிடத்தில் குத்த வேண்டும். இரண்டு, மூன்று வாரம் போனால் குத்துவதற்கு இரத்தக் குழாய் கிடைக்காமல் செவிலியரும் நோயாளியும் ஒருசேரத் தவிப்பார்கள். அவருடன் துணைக்கு இருக்கும் மனைவியோ மகனோ அன்றாடக் கூலியை இழக்கிறார்கள். வயதானவர்கள் படுத்தே இருந்து கால் தசை வலுவிழக்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது, ஒரு கிருமிக்கு மருந்தேற்ற வந்தவரை, கார்பபெனம் என்னும் வலுவான ஆன்டிபயாடிக்குகளுக்கும் அசையாத கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் உலவும் வார்டிலேயே வாரக்கணக்கில் வைத்திருப்பதுதான். தேவைக்கு மேல் தங்கும் ஒவ்வொரு நாளும் அவருக்குப் புதிய தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

இந்தச் சுமை தாளாமல் மக்கள் தாமே ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை வார்டில் வேலை செய்த எவரும் அறிவர். சிலர் தன் விருப்பத்தின் பேரில் போவதாகக் கையெழுத்திட்டு வெளியேறுகிறார்கள். வேறு சிலர், மீதி ஊசிகளை ஊரிலேயே போட்டுக்கொள்ளும்படி எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டுடனும் மருந்துக் குப்பிகளுடனும் ஊர் திரும்பி, தெருமுனைக் கிளினிக்கிலோ, ஊசி போடத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய ஒருவரிடமோ கையை நீட்டுகிறார்கள். அங்கே சிறுநீரகம் தாங்குகிறதா என்று இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்ப்பவர் இல்லை. ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் இருக்குமா என்பதற்கும் உறுதியில்லை. காய்ச்சல் விட்டதும் ஊசியையும் விட்டுவிடுகிறார்கள். அரைகுறையாக நின்ற மருந்தால் எலும்பில் தங்கிய கிருமி சில மாதங்களில் திரும்பி வந்து, விரலோடு போயிருக்க வேண்டியது பாதத்தையே கொண்டுபோகிறது. ஆகவே, மருத்துவமனைக்கு வெளியே ஊசி ஆன்டிபயாடிக் போடுவதை அனுமதிப்பதா வேண்டாமா என்ற கேள்வி காலம் கடந்தது. நடப்பதை அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவருவதா, இப்படியே விடுவதா என்பதே இப்போதுள்ள கேள்வி. வசதி படைத்தவர்கள் சென்னையிலும் கோவையிலும் தனியார் செவிலியரை வீட்டுக்கே வரவழைத்து இதே சிகிச்சையைப் பாதுகாப்பாகப் பெறுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உலகில் இது புதிய முறை அல்ல. அமெரிக்காவில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயுள்ள சிறுவர்களுக்கு வீட்டில் இவ்வாறு மருந்தேற்றிய அனுபவம் 1974-லேயே மருத்துவ இதழில் வெளியானது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் வீட்டில் மருத்துவமனைச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை 1994-இல் தொடங்கியது. நமக்கு மிக நெருக்கமான பாடம் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரிலுள்ள பார்க்லேண்ட் என்ற பொது மருத்துவமனையிலிருந்து கிடைக்கிறது. காப்பீடு இல்லாத ஏழை நோயாளிகளின் வீட்டுக்குச் செவிலியரை அனுப்ப அங்கே வழி இருக்கவில்லை. எனவே நோயாளிக்கே கற்றுக்கொடுத்து, அவர் தவறின்றிச் செய்துகாட்டிய பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். விலையுயர்ந்த பம்பு எதுவும் கிடையாது. மருந்துப் பையை உயரே மாட்டி, சொட்டுச் சொட்டாக இறங்க விடும் பழைய முறைதான். 2015-இல் வெளியான ஆய்வின்படி, அவ்வாறு தாமே மருந்தேற்றிக்கொண்ட 944 பேர், பிறர் மருந்தேற்றிய நோயாளிகளோடு ஒப்பிடப்பட்டனர். முப்பது நாள்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேரும் விகிதம் தாமே ஏற்றிக்கொண்டவர்களிடையே 47 விழுக்காடு குறைவாக இருந்தது. எழுத்தறிவு குறைந்தவர்களும் ஆங்கிலம் அறியாதவர்களும் அவர்களிடையே இருந்தார்கள் என்பதை, நம் மக்களால் இது ஆகாது என்று கருதுவோர் கவனிக்க வேண்டும்.

நம் மக்களால் ஆகும் என்பதற்குத் தங்கள் துறையே சான்று வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு நிற்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்ளும் திரவப் பைகளையும் அது கொண்டுபோய்க் கொடுக்கிறது. அந்த நோயாளி கையைச் சுத்தமாகக் கழுவி, முகக்கவசம் அணிந்து, கிருமி புகாமல் நாள்தோறும் பலமுறை பையை மாற்றிக்கொள்கிறார். சிறிது கவனம் தவறினாலும் வயிற்றுக்குள் தொற்று வந்துவிடும் வேலை அது. அதையே நம்பி அவர் கையில் ஒப்படைத்திருக்கும் அரசு, நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் ஏறும் ஊசி மருந்துக்கு மட்டும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்வதற்கு மருத்துவக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதைக் கட்டுப்பாடின்றித் திறந்துவிடக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்துடன் சொல்கிறேன். ஊசி போட்டால்தான் குணமாகும் என்ற நம்பிக்கை நம் மண்ணில் ஆழமாக இருக்கிறது. வீட்டுக்கே ஊசி வரும் என்றானால், மாத்திரை போதுமானவருக்கும் ஊசியை எழுதும் போக்கு வளரக்கூடும். எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு, தக்க மாத்திரையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் முதல் ஆறு வாரச் சிகிச்சையில் அது ஊசிக்குக் குறைந்ததல்ல என்று காட்டியிருக்கிறது. எனவே ஒவ்வொரு நோயாளிக்கும் முதலில் கேட்க வேண்டியது, இவருக்கு இன்னும் ஊசி தேவையா என்பதே. அடுத்து, நாளுக்கு ஒரு வேளை என்ற வசதிக்காக மருந்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிக்கு, அதை மூன்று வேளை கொடுக்கச் சிரமம் என்று பல வகைக் கிருமிகளையும் தாக்கும் அகன்ற வீச்சுள்ள மருந்துக்கு மாறினால், வீட்டுச் சிகிச்சை மருந்தெதிர்ப்பை வளர்க்கும் இன்னொரு வாசலாகிவிடும். ஆன்டிபயாடிக்குகளைக் காக்க 2012-இல் ‘சென்னைப் பிரகடனம்’ உருவான ஊர் இது; அந்த எச்சரிக்கையை நாம் மறக்க இயலாது.

இத்திட்டத்துக்குள் வரும் நோயாளியைப் பொது மருத்துவர் அல்லது தொற்றுநோய் மருத்துவருடன் நுண்ணுயிரியல் மருத்துவரும் சேர்ந்து தேர்வு செய்ய வேண்டும். முதல் வேளை மருந்து மருத்துவமனையிலேயே ஏற்றப்பட வேண்டும். வாரங்கள் நீடிக்கும் சிகிச்சைக்கு மேல் கை வழியாக இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய இரத்தக் குழாய் வரை செல்லும் ‘பிக் லைன்’ என்னும் நீண்ட மெல்லிய குழாய் போடப்பட்டு, அதன் கட்டு வாரம் ஒரு முறை மாற்றப்பட வேண்டும். இரத்த அணுக்களும் சிறுநீரகச் செயல்பாடும் வாரந்தோறும் பார்க்கப்பட வேண்டும். பொடியாக வரும் மருந்துகளை ஏற்றும் நேரத்தில் கரைத்துக்கொள்ளலாம் என்பதால் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடும் தடையாகாது. ஆயினும் நம் கோடையின் வெப்பத்தில் முன்கூட்டியே கரைத்து வைக்கும் வழக்கம் அறவே கூடாது. பயன்படுத்திய ஊசிகள், துளைக்க முடியாத பெட்டியில் செவிலியரிடமே திரும்பி வர வேண்டும். துணைக்கு ஆள் இல்லாத முதியவருக்கோ அவசரத்தில் வாகனம் எட்டாத மலைக்கிராமத்தவருக்கோ வார்டே பாதுகாப்பானது என்றால், அவர்களை வீட்டுக்குத் தள்ளக் கூடாது.

பணியாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இப்பொறுப்பைக் குறைந்த ஊக்கத்தொகையில் வீடு வீடாக நடக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களின் தலையில் ஏற்றிவிடாதீர்கள். மருந்துக் குப்பிகளை அவர்கள் கொண்டுசெல்லலாம். இரத்தக் குழாயைத் தொடும் வேலை பயிற்சி பெற்ற செவிலியருடையது. ஏற்கெனவே ஆதரவுச் சிகிச்சைக்காக வாகனத்தில் செல்லும் செவிலியருக்கு இதையும் கூடுதல் வேலையாக்கினால் இரண்டும் கெடும். புதிய பணியிடங்கள் தேவை.

அதற்கான பணம் புதிதாக எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸுக்கு, இரவு தங்காத நோயாளிக்கும் ஒவ்வொரு முறைக்கும் தொகை வழங்குகிறது. அதே போல, வீட்டில் ஏற்றும் ஆன்டிபயாடிக் சிகிச்சைக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகுப்பை வகுத்தால், படுக்கையில் இருந்தால்தான் பணம் என்ற நிலை மாறும். மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கித் தரும் ஏற்பாடு நம்மிடம் முன்பே உள்ளது. அதன் பட்டியலில் பிக் லைனும் அதற்குரிய கட்டுப் பொருள்களும் வட்டார அளவில் கிடைக்கச் செய்தால் போதும்.

ஒரே ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அதைச் சுற்றியுள்ள சில வட்டாரங்களையும் தேர்ந்தெடுத்து ஓராண்டுக்கு நடத்திப் பாருங்கள். எத்தனை பேர் முழுச் சிகிச்சையையும் முடித்தார்கள், எத்தனை பேருக்கு லைனில் தொற்றோ இரத்த உறைவோ வந்தது, எத்தனை பேர் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள் என்ற கணக்கை, நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் வெளியிடுங்கள். அந்த ஓராண்டிலும், நள்ளிரவில் குளிர்க்காய்ச்சல் வந்த நோயாளியின் வீட்டார் அழைத்தால், அவருடைய பெயரையும் மருந்தையும் அறிந்த ஒருவர் எடுத்துப் பேசும் தொலைபேசி எண் ஒன்று முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். அது இல்லாமல் எவரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுச் செவிலியர் ஒருவர்