மொட்டைத் தலையும் நசுங்கிய காரும்

அன்புள்ள தம்பி,

ராத்திரி பதினோரு மணிக்கு உன் போன் வந்ததும் ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பதறி எழுந்தேன். "அண்ணே, ஹீரோ பழனிக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்து நிக்கிறாரு" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துக்கொள். முதல் ஷெட்யூலில் பதினாலு காட்சி எடுத்தாயிற்று. எல்லாவற்றிலும் மனிதருக்குக் காடு மாதிரி முடி. வேண்டுதல் வைத்ததே உன் படம் நல்லபடியாக முடியத்தான் என்கிறாராம். இதற்கு மேல் அவரை என்ன சொல்லித் திட்டுவது!

விக் வைப்பதா, மூன்று மாதம் காத்திருப்பதா என்று கேட்டாய். போனை வைக்கும்போது, "நோட்டுல எழுதின படம் வேற, கையில வர்ற படம் வேறண்ணே" என்றாய். அந்தப் பேச்சுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நேரில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். பொதுவில் எழுதுவது, உன்னைப் போல் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிற இன்னும் நாலு பேர் படிக்கட்டுமே என்றுதான்.

ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' பார்த்திருப்பாய். செத்தவர்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்கிற படம். 1968-ல் வந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் விளம்பரப் படமும் தொழிற்சாலைப் படமும் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த சிநேகிதக் கும்பல் அது. ரொமேரோவுக்கு அப்போது 27 வயது. பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு 600 டாலர் போட்டு 6,000 டாலரில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். முடிக்கும்போது செலவு சுமார் 1,14,000 டாலர். உன் பட்ஜெட் இரண்டு மடங்கு ஆனதற்கே தலையில் கை வைக்கிறாயே!

அவர்கள் முதலில் எடுக்க நினைத்தது என்ன தெரியுமா? நகைச்சுவைப் படம். வேற்றுக்கிரகத்துப் பொடிசுகள் பூமிக்கு வந்து இங்கிருக்கிற பொடிசுகளோடு சேர்ந்து அடிக்கிற லூட்டி. ஆறாயிரம் டாலரில் அதற்கெல்லாம் எங்கே போவது? கைவிட்டார்கள். அடுத்த கதையிலும் வேற்றுக்கிரகவாசிகள் இருந்தார்கள், ஆனால் இப்போது மனிதப் பிணம் தின்பவர்களாக. பிறகு ரொமேரோ உட்கார்ந்து எழுதியபோது வேற்றுக்கிரகம் போய், பிணங்களே எழுந்து நடக்க ஆரம்பித்தன. முடிந்த படத்தில், வெள்ளிக் கிரகத்துக்குப் போய்த் திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சு காரணமாக இருக்கலாம் என்று டிவியில் பேசிக்கொள்வார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம், பழைய கதையின் ஒரு துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றும். இது என் ஊகம், எங்கும் படித்ததில்லை.

இனி உன் மொட்டைக்கு வருகிறேன். படம் கல்லறைத் தோட்டத்தில் தொடங்கும். அண்ணனும் தங்கை பார்பராவும் காரில் வருவார்கள். அண்ணனாக நடித்த ரஸ்ஸல் ஸ்ட்ரைனர் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர், அந்தக் கார் அவருடைய அம்மாவுடையது. ஷூட்டிங் நாட்களுக்கு நடுவே யாரோ இடித்ததில் கார் நசுங்கிவிட்டது. இடிபடாத காரை ஏற்கெனவே எடுத்தாயிற்று. வேறு கார் வாங்கவோ சரிசெய்து காத்திருக்கவோ வசதியில்லை. என்ன செய்தார்கள்? அந்த நசுங்கலைக் கதைக்குள் எழுதிவிட்டார்கள்.

படத்தை மறுபடி போட்டுப் பார். பிணமாக வந்தவன் துரத்துகிறான். பார்பரா ஓடிப்போய்க் காருக்குள் பூட்டிக்கொள்கிறாள். சாவி செத்துப்போன அண்ணனிடம். வந்தவன் கல்லால் கண்ணாடியை உடைக்கிறான். அவள் ஹேண்ட் பிரேக்கை விடுகிறாள், கார் இன்ஜின் சத்தமில்லாமல் சரிவில் உருளுகிறது. அப்பாடா என்று நாம் மூச்சு விடுகிற நேரத்தில் போய் மரத்தில் உரசி நிற்கிறது. இனி கால்தான் கதி. எடிட்டராகச் சொல்கிறேன், அந்த மரம் இல்லையென்றால் அந்த ஓட்டத்துக்கு இந்த வேகம் வந்திருக்காது. தப்பிக்கிற வழி ஒன்றைக் காட்டிவிட்டு, படம் அதை அவள் கண்ணெதிரிலேயே பிடுங்கிக்கொள்கிறது. அம்மாவின் காரை யாரோ இடித்ததால் வந்த காட்சி இது.

கறுப்பு வெள்ளைக்குக் காரணம் பணம்தான். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். பார்பரா ஓடிப்போய் ஒளிகிற வீட்டின் நிலவறைக் காட்சிகளைத் தங்கள் ஆபீஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எடுத்து ஒட்டினார்கள். தெரியவே தெரியாது.

அந்த வீட்டில் அவளோடு மாட்டிக்கொள்கிற பென் என்ற பாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். திரைக்கதையில் அவன் கரடுமுரடாகப் பேசுகிற லாரி டிரைவர். அவன் நிறம் என்ன என்று எழுதவில்லை. தங்கள் கூட்டத்திலேயே ஒருவரை மனதில் வைத்திருந்தார்கள். ட்வேன் ஜோன்ஸ் வந்து நடித்துக் காட்டினார், இவர்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஜோன்ஸ் கறுப்பினத்தவர், நன்றாகப் படித்தவர். அந்த முரட்டு வசனத்தை அவர் பேசவில்லை, தன் நடையில் மாற்றிக்கொண்டார். ஆனால் கதையில் நடப்பதை யாரும் மாற்றவில்லை. விடிகாலையில், ஒரு ராத்திரி முழுக்கப் போராடித் தப்பியவனை, துப்பாக்கியும் நாயுமாக வருகிற வெள்ளைக்காரக் கூட்டம் பிணம் என்று நினைத்துச் சுட்டுத் தள்ளுகிறது. பிறகு செய்தித்தாள் படங்கள் மாதிரி அசையாப் படங்கள். கொக்கியால் குத்தி இழுத்துப் போகிறார்கள்.

எழுதியபோது அது ஒரு திகில் படத்தின் குரூரமான முடிவு, அவ்வளவுதான். 1968 ஏப்ரல் 4, ரொமேரோ பிரிண்டைக் காரில் போட்டுக்கொண்டு நியூயார்க் போகிறார். வழியில் ரேடியோவில், கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி. இதை அவரே பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு பிரேம்கூட மாறவில்லை, ஆனால் டிக்கியில் இருந்த படம் அந்த ராத்திரியிலேயே வேறு படமாகிவிட்டது. எந்த நோட்டில் இதற்குத் திட்டம் போட முடியும்? விநியோகத்துக்குக் கேட்டுப் போன ஒரு கம்பெனி, முடிவை மாற்றிச் சந்தோஷமாக முடித்தால் பார்க்கலாம் என்றது. இவர்கள் முடியாது என்றார்கள். நசுங்கிய காருக்கு வளைந்து கொடுத்தவர்கள் இங்கே வளையவில்லை. நீயும் எங்கே வளைவது, எங்கே வளையக் கூடாது என்பதை இப்போதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வை.

அதற்காக நடக்கிற கோளாறெல்லாம் வரம் என்று கும்பிடாதே. அவர்களுக்கு நடந்த பெரிய நஷ்டமும் ஒரு மாற்றத்தால்தான் வந்தது. படத்துக்கு முதலில் வைத்த பெயர் வேறு. விநியோகஸ்தர் தரப்பில் கடைசியில் பெயரை மாற்றி டைட்டில் கார்டைப் புதிதாகப் போட்டபோது, பழைய கார்டில் இருந்த காப்புரிமை வரி விட்டுப்போயிற்று. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அந்த ஒரு வரி இல்லையென்றால் உரிமையே கிடையாது. படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் போட்டார்கள், விற்றார்கள், எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய காசு சேரவில்லை. 1999-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்க வேண்டிய படமாகச் சேர்த்தார்கள். கௌரவம் வந்தது, போன காசு வரவில்லை. காட்சி எப்படி வேண்டுமானாலும் மாறட்டும், அக்ரிமென்ட் காகிதத்தை மட்டும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒருமுறை எடுத்துப் படி. உன் படத்தின் பெயரை இதுவரை மூன்று முறை மாற்றியிருக்கிறாய். நடிகர்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் எந்தப் பெயர் இருக்கிறது?

'நைட் ஆஃப் அனுபிஸ்' என்ற இன்னொரு பழைய பெயரில் அந்தப் படத்தின் வொர்க் பிரிண்ட், அதாவது வேலை முடியாத பிரதி ஒன்று பிழைத்துக் கிடந்து, பின்னாளில் டிஸ்க்கில் வெளிவந்தது. கிடைத்தால் பார். பாதி வழியில் இருக்கிற படம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை.

விக் மட்டும் வேண்டாம். சில வருஷத்துக்கு முன் ஒரு படத்துக்கு எடிட் செய்தேன். நாயகன் நடுவில் தாடியை எடுத்துவிட்டு வந்தார், ஒட்டுத்தாடி வைத்து எடுத்தார்கள். சாவு வீட்டுக் காட்சியில் தியேட்டரே சிரித்தது. ஒட்டுத்தாடியை எந்த எடிட்டாலும் மறைக்க முடியாது தம்பி, அதுவும் குளோசப்பில்.

உன் பதினேழாவது காட்சியை எடுத்துப் பார். அம்மாவின் ஆபரேஷனுக்குப் பணம் கேட்டு நாயகன் தன் தம்பி வீட்டு வாசலில் நிற்கிறான். ஒரு பக்கம் வசனம் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு பக்கத்தையும் கிழித்துவிடு. மொட்டைத் தலையோடு வந்து நிற்கட்டும். தம்பி கதவைத் திறந்து தலையைப் பார்க்கட்டும். யாருக்காக வேண்டிக்கொண்டான் என்று பார்ப்பவருக்குப் புரியாதா? இடைவேளைக்குப் பிறகு வருகிற முடியுள்ள காட்சிகள் மூன்றுதான், அவற்றை முன்னால் நகர்த்த முடியுமா என்று நான் டைம்லைனில் போட்டுப் பார்க்கிறேன். இரண்டு நகரும் என்று தோன்றுகிறது. மூன்றாவதை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வை. அவரை அதற்குள் எங்கேயும் அனுப்பாதே. முடி தினமும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்