எண்ணிப் பார்க்க 20,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறோம்

பெற்றோருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஊர் மக்களுக்கும் வணக்கம்.

பட்டர்வொர்த் பாகான் டாலாமில், சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில், நான்காம் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் இலவச வகுப்பை அறிவீர்கள். நாற்காலி, வெண்பலகை, மாதிரித் தாள் என்று எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுத்திருக்கிறீர்கள். இந்த முறை கேட்பது வேறு. இந்த வகுப்பால் உண்மையிலேயே பயன் உண்டா என்று பார்க்கப் பணம் வேண்டும்.

"இத்தனை வருஷம் நடத்திவிட்டு இப்போதுதான் இந்தச் சந்தேகமா?" என்று கேட்பீர்கள். முன்னமே வந்திருக்க வேண்டிய சந்தேகம்தான்.

போன ஆண்டு வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் சுருக்கென்றது. முதல் பக்கத்தில் 41 பெயர், கடைசிப் பக்கத்தில் 23. சிவப்பு மையில் அடித்த பெயர்களுக்குப் பக்கத்தில் 'வேலை', 'வீடு மாற்றம்' என்று குறிப்பு. ஓரிடத்தில் 'தம்பியைப் பார்த்துக்கொள்ள': அம்மாவுக்குப் பிறை ஊரில் தொழிற்சாலை ஷிப்ட். பரிசளிப்பு விழா பேனரில் நாங்கள் போட்டது அந்த 23 பேரின் முடிவுகளை மட்டும். மற்ற 18 பேர், ஐந்தாம் படிவ முடிவில் வரும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். எழுதினார்களா என்றுகூடத் தெரியாது.

இன்னொன்றும் உறுத்துகிறது. இடம் ஏறக்குறைய 40 தான் என்பதால் நல்ல மதிப்பெண் உள்ளவர்களாகப் பார்த்துச் சேர்த்தோம். அவர்களில் பலர் நாங்கள் இல்லாமலே, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷனுக்கோ ஆறாம் படிவத்துக்கோ போயிருப்பார்கள்.

அமெரிக்காவில் 1965-இல் தொடங்கிய 'அப்வர்ட் பவுண்ட்' திட்டமும் ஏழை மாணவர்களைக் கல்லூரிக்குத் தயார்படுத்துவதுதான். 1990-களில் அதற்கு விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் கல்லூரி சேர்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 'பட்டமெல்லாம் நமக்கு எங்கே' என்று முதலில் நினைத்திருந்த பிள்ளைகளிடம் நல்ல மாற்றம் தெரிந்தது. கணக்கிட்ட விதத்தைப் பற்றி ஆய்வாளர்கள் பிறகு சண்டை போட்டுக்கொண்டார்கள், அது தனிக்கதை. எங்களுக்கு அதில் உறைத்தது இதுதான்: யாருக்கு வகுப்பு அதிகம் உதவுமோ, அவர்களைத்தான் வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறோமோ?

ஆகவே, அடுத்த சேர்க்கையில் மதிப்பெண் பார்க்கப் போவதில்லை. விண்ணப்பித்தவர்களில் 80 பேரை எடுத்து, குலுக்கலில் 40 பேருக்கு இடம். மீதி 40 பேருக்கு மாதிரித் தாள்கள் கொடுப்போம். கூட்டத்தில் ஓர் அப்பா, "பிள்ளைங்க படிப்பென்ன நாலு நம்பர் லாட்டரியா?" என்று கேட்டார். நியாயமான கோபம். ஆனால் இடம் கிடைக்காதவர்கள் எப்போதும் இருந்தார்கள். இதுவரை அவர்களை நாங்கள் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டுகள் 80 பேரையும் தொடர்வோம். எத்தனை ஏ என்பதைவிட எங்களுக்கு முக்கியமான கேள்விகள் உண்டு. மலாய்மொழி, வரலாறு இரண்டும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது, தேறினார்களா? அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யு.பி.யு. விண்ணப்பத்தை முடித்து அனுப்பினார்களா? இடம் கிடைத்தும் பதிவுநாளில் போகாமல் விட்டவர் யார்? வகுப்பிலிருந்து பாதியில் நின்றவர்களும் கணக்கில் இருப்பார்கள். அவர்களை விட்டால் பழைய பேனர் கதைதான்.

செலவு இப்படி: பிள்ளைகளைத் தேடிப்போய் விசாரிக்கும் பகுதிநேரப் பணியாளர் இருவருக்கு, ஆளுக்கு மாதம் 300 வெள்ளி வீதம் 24 மாதத்துக்கு 14,400 வெள்ளி. போன், பெட்ரோலுக்கு 2,400. ஒவ்வொரு முறை பதில் சொல்லும் பிள்ளைக்கும் 10 வெள்ளி டாப்-அப், நான்கு முறைக்கு 3,200. மொத்தம் 20,000. வகுப்பு நடத்தும் பணத்திலிருந்து ஒரு காசும் இதற்கு எடுக்க மாட்டோம், அதனால்தான் தனியாகக் கேட்கிறோம். பிள்ளைகளின் பெயரும் வீட்டு விவரமும் எங்கும் வெளியே வராது.

முடிவு எப்படி வந்தாலும் மண்டபத்தில் எல்லோர் முன்னும் படிப்போம். பயனில்லை என்று தெரிந்தால் வகுப்பை மாற்றுவோம். ஒருவேளை கணிதப் பாடத்தைக் குறைத்து, விண்ணப்பம் நிரப்பவும் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனுக்கு வேண்டிய தாள்களைச் சேர்க்கவும் உதவுவதே மேல் என்று தெரியவரலாம்.

ஐந்து வெள்ளியும் பணம்தான். பொருளாளர் சனிக்கிழமை காலை 9 மணி முதல் மண்டப வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். டூயிட்நவ் மின்பணப் பரிமாற்றம் வழியாக அனுப்புகிறவர்களும் மறக்காமல் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்புச் செயற்குழு,
பாகான் டாலாம், பினாங்கு