சளிக் காலமும் வீசிங் உள்ள பிள்ளைகளும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. பெரம்பூர் தெருக்களில் தண்ணீர் தேங்குகிறதோ இல்லையோ, நம் வகுப்பறைகளில் தும்மல் தொடங்கிவிடும். இந்த மாதங்களில்தான் பள்ளியின் முதலுதவிக் குறிப்பேட்டில் ‘வீசிங்’ என்ற சொல் அடிக்கடி தென்படுகிறது. கடிதம் எல்லாப் பெற்றோருக்கும்தான். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் வீட்டார் மட்டும் இருமுறை படித்துவிடுங்கள்.

“லேசான சளிதான் மிஸ், காய்ச்சல்கூட இல்லை” என்று காலையில் வாசலில் பிள்ளையை விட்டுச் செல்கிறீர்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் சரி. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குச் சரியல்ல. ஏன் என்று விளக்க வேண்டும். நான் அடிப்படையில் உயிரியல் ஆசிரியை, கொஞ்சம் பாடம் நடத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சளிக்குப் பெரும்பாலும் காரணம் ரைனோ வைரஸ். இதில் 160க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அதனால்தான் ஒரு பிள்ளைக்கு ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்பச் சளி பிடிக்கிறது. தடுப்பூசியும் இன்னும் வரவில்லை. மழையில் நனைவதால் மட்டும் சளி வருவதில்லை, வைரஸ் வேண்டும். ஆனால் பாட்டிமார் பேச்சை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. உடலின் உள்வெப்பமான 37 டிகிரியைவிட, மூக்கின் உட்புறம் இருக்கும் 33 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் இந்த வைரஸ் நன்றாகப் பெருகுகிறது.

மூக்கோடு அது நிற்பதில்லை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்கும் இறங்குகிறது. பொதுவாக, வைரஸ் புகுந்த செல் உடனே இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிடும். அக்கம்பக்கத்துச் செல்கள் சுதாரித்துக்கொள்ளும். வைரஸ் பெருகுவது அடங்கும். ஆஸ்துமா உள்ள பலரின் மூச்சுக்குழாய்ச் செல்களில் இந்த இன்டர்ஃபெரான் குறைவாகவோ தாமதமாகவோ சுரப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்லா நோயாளிகளிடமும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அப்படிச் சுரப்பு குறைந்தவர்களிடம் வைரஸுக்குக் கூடுதல் அவகாசம் கிடைத்துவிடுகிறது.

அடுத்து நடப்பதுதான் முக்கியம். ரைனோ வைரஸ், இன்ஃபுளுயன்சாவைப்போலச் செல்களைப் பெருமளவில் அழிப்பதில்லை. தொல்லையில் பெரும்பங்கு உடலின் எதிர்வினையால் வருவது. பாதிக்கப்பட்ட செல்கள் ஐஎல்-33, டிஎஸ்எல்பி போன்ற எச்சரிக்கை வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவை ஒவ்வாமை வகை அழற்சியைத் தூண்டிவிடுகின்றன. இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து கூடுகின்றன. உட்சுவர் வீங்குகிறது, கோழை கெட்டியாகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. காற்றுப் போகும் வழி சுருங்கியதும் விசில் சத்தமும் நெஞ்சு இறுக்கமும் வருகின்றன. மூக்கொழுகல் தொடங்கி ஓரிரு நாள் கழித்து, பெரும்பாலும் இரவில், இருமல் முற்றுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்துமா மோசமான நிகழ்வுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கில் வைரஸ் கண்டறியப்பட்டது. அவற்றுள் பெரும்பங்கு ரைனோ வைரஸ் வகையைச் சேர்ந்தது.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை, பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று நிறுத்திவிடும் வீடுகள் நம்மிடையே அதிகம். “ஸ்டீராய்டு, பழகிவிடும்” என்ற பயம் ஒரு பக்கம், பக்கத்து வீட்டு அறிவுரை மறுபக்கம். இன்ஹேலர் போதைப்பொருள் அல்ல. அதில் உள்ள மருந்து சிறிய அளவில் நேரே மூச்சுக்குழாய்க்குப் போய் வீக்கத்தைத் தணிக்கிறது. மழைநீர் வடிகாலை வெள்ளம் வந்த பிறகா தூர்வாருகிறோம்? அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ உங்கள் மருத்துவரின் வேலை. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியின் வேலை அல்ல, என் வேலையும் அல்ல.

சளிக்கென்று மருந்துக்கடையில் நேரே கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் முன் சிறு பிள்ளைகளை உட்கார வைத்து ஆவி பிடிப்பதையும் தவிருங்கள்; பாத்திரம் கவிழ்ந்து சுட்டுக்கொள்ளும் ஆபத்து பெரிது.

பள்ளியில் சில மாற்றங்கள் செய்கிறோம். மின்விசிறி போட்டு ஜன்னல்களை மூடிவைக்கும் பழக்கம் இனி இல்லை. சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் சாத்துவோம். உணவு இடைவேளைக்கு முன் எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். சளி பிடித்த கை மேசையைத் தொட்டு, அடுத்த கை மூக்கைத் தொட்டாலே வைரஸ் பயணம் முடிந்துவிடுகிறது. முழு வருகைக்கான சான்றிதழை இந்த ஆண்டு வழங்கப்போவதில்லை. சான்றிதழுக்காக மூச்சிரைக்க வந்து உட்காரும் பிள்ளையைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. இதில் சிலருக்கு மனத்தாங்கல் வரலாம். நேரில் வாருங்கள், பேசுவோம்.

மூச்சுத்திணறலால் பிள்ளை ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், விலா எலும்பிடை உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், நாங்கள் உங்கள் தொலைபேசிக்காகக் காத்திருக்க மாட்டோம். மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி நிவாரண இன்ஹேலரைக் கொடுத்துவிட்டு உடனே 108ஐ அழைப்போம். வீட்டிலும் அப்படியே செய்யுங்கள்.

அதற்கு எங்களுக்கு வேண்டியது: மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு தாள், பெயர் எழுதிய நிவாரண இன்ஹேலர் (பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும்), ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தி மருந்தை உள்ளிழுக்க உதவும் குழாய்). வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். அனுப்பும் முன் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, இன்ஹேலரில் மருந்து மீதி இருக்கிறதா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை