குடியை விட்டவனுக்கு வழியை மாற்றிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், சிகிச்சை முடிந்து வந்தும் மறுபடி குடிக்கிறவனுக்கு மானம் ரோஷம் கிடையாது, அவனுக்கு அரசு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். இதே வார்த்தையை என் தம்பி முகத்துக்கு நேராக நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

தம்பி விசைத்தறி ஓட்டுகிறவன். குடிநோய்க்கு 3 வாரம் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை எடுத்தான். வந்து 40 நாள் தொடவில்லை, முகத்தில் களை வந்துவிட்டது, பிள்ளைகள் பயமில்லாமல் மடியில் ஏற ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வழக்கமான பாலத்தடி வழியாக வந்தவன், ராத்திரி 9 மணிக்குத் தள்ளாடிக்கொண்டு வாசலில் நின்றான். நான் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டேன். அவன் சொன்னது ஒன்றுதான்: "குடிக்கணும்னு நினைச்சே போகலக்கா. கடை எதுத்தாப்ல அந்த முட்டைக்கடை மிளகு வாசம் வந்துச்சு, காலு அதுபாட்டுக்குத் திரும்பிடுச்சு."

சாக்கு சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். இல்லை, அவன் சொல்வது உண்மை என்று அவனைப் பார்த்த மனநல மருத்துவர் சொன்ன பிறகு தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து லேசாக மின்சாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. நெம்புகோலை அமுக்கினால் மின்சாரம் வரும் என்றானதும் எலி ஓயாமல் அமுக்கிக்கொண்டே இருந்தது, இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதற்கும் முன்னால் ஓல்ட்ஸ் கவனித்தது வேறு: எந்த மூலையில் நிற்கும்போது மின்சாரம் கொடுத்தாரோ, அந்த மூலைக்கே எலி திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு நெஞ்சில் தைத்தது அந்த மூலைதான்.

பிறகு சுவிட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர், குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். முதலில் பழச்சாறு வாயில் விழும்போது அந்தச் செல்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்குக்கே துள்ளின, சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கமான துடிப்பும் அந்த நேரத்துக்கு அடங்கிப்போனது. என் தம்பிக்கு மிளகு வாசம்தான் அந்த விளக்கு. "குடிக்கிறதுல இப்ப ஒண்ணுமேயில்ல, குடிக்கப் போறேங்கற வரைக்கும்தான் எல்லாம்" என்று அவன் ஒருமுறை சொன்னதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மூளைக்குள் வேண்டும் என்ற தவிப்பு வேறு, கிடைக்கும் சுகம் வேறு.

சரி, அன்றைக்கு ஏன் தடுமாறினான்? துணியில் டேமேஜ் என்று அன்று கூலியில் பிடித்தம். வாரக் கடன் கட்ட முடியாத கவலை. இப்படி மனம் நெருக்கடியில் இருக்கும்போது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது, "வேண்டாம், வீட்டுக்குப் போ" என்று இழுத்துப் பிடிக்க வேண்டிய நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி தளர்ந்துபோகிறது. இடத்தை ஞாபகம் வைத்திருக்கும் ஹிப்போகேம்பஸும், அந்த இடத்தோடு உணர்ச்சியை முடிந்துவைக்கும் பாதாம் பருப்பு அளவிலான அமிக்டாலாவும் மட்டும் தம் வேலையை விடுவதில்லை. 40 நாளில் அந்த நினைவு அழிந்திருக்கும் என்று நாங்கள் நம்பியதுதான் தப்பு. பழகிய தொடர்பு அழிவதில்லை, அதன் மேல் புதுப் பழக்கம் படிகிறது, அவ்வளவுதான். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களிடம் இதை எப்போதோ பார்த்துவிட்டார். சத்தம் கேட்டால் சாப்பாடு வரும் என்று பழகிய நாய்க்கு, சாப்பாடில்லாமல் சத்தம் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்ததில் எச்சில் ஊறுவது நின்றுபோனது, கொஞ்ச நேரம் விட்டுச் சத்தம் கொடுத்தபோது மறுபடி ஊறியது.

வியட்நாம் போரிலிருந்து 1971-ல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து விசாரித்தார். அங்கே இருந்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்ற போதைக்கு அடிமையாக இருந்திருக்கிறார்கள். ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் 100-க்கு சுமார் 5 பேர்தான். காரணங்கள் பல உண்டு, ஹெராயினும் சாராயமும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த இடம், அந்தக் கூட்டாளிகள், அந்த நெருக்கடி எல்லாம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது பெரிய விஷயம். நம் ஆட்களோ சிகிச்சை முடிந்த மறுநாளே அதே மூலைக்குத்தான் திரும்புகிறார்கள்.

அதனால் நான் கேட்பது இது. வீட்டுக்கு அனுப்பும் முன் குடும்பத்தை உட்காரவைத்து எந்த வழி, எந்த நேரம், எந்த வாசம், எந்தக் கூட்டாளி என்று பேசி அனுப்புங்கள், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மாத்திரைக்கு வரும் நாளில் பேசுவதற்கும் ஒருவரை வையுங்கள். ஆலையும் தறிக்குடோனும் விட்டு ஆட்கள் வெளியே வரும் வழியில் மதுக்கடை வேண்டாம், எங்கள் பாலத்தடிக் கடையை இடம் மாற்றச் சொல்லி மனு கொடுத்து 8 மாதம் ஆகிறது. இன்னொன்று, தினமும் நிறையக் குடிக்கிறவரை வீட்டிலேயே பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வந்து உயிரே போகலாம், டாக்டரிடம் கூட்டிப்போய்த்தான் நிறுத்த வேண்டும்.

தம்பி மறுபடி சிகிச்சை எடுத்தான், 14 மாதம் ஆகிறது. இப்போது வாய்க்கால் மேட்டு வழியாக 2 கிலோமீட்டர் சுற்றித்தான் வீட்டுக்கு வருகிறான். சனிக்கிழமை மட்டும் நானோ அவன் மனைவியோ குடோன் வாசலில் போய் நிற்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு மாவட்டம்