பென்னாகரத்து அத்தைக்கு: செங்காந்தள் வைப்பது பற்றி

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

கொல்லையில் செங்காந்தள் வைக்க ஆசைப்படுவதாகவும், ஒகேனக்கல் காட்டுப் பக்கம் ஆடு ஓட்டிப் போகிறவரிடம் நான்கு கிழங்கு தோண்டிவரச் சொல்லியிருப்பதாகவும் தொலைபேசியில் சொன்னீர்கள். அவரை நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே முதலில் இதை எழுதுகிறேன். காப்புக்காட்டில் கிழங்கு தோண்டுவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்கு உண்டு. அந்தக் கொடி ஒரு மழைக்காலம் முழுவதும் சேர்த்ததை மண்ணுக்குள் இருக்கும் கவட்டை போன்ற கிழங்கில்தான் வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அடுத்த ஆடியில் அந்த இடத்தில் தழைக்க எதுவும் மிஞ்சாது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் இதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அங்கே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். விதை போட்டும் வளர்க்கலாம், ஆனால் முளைப்பதே தாமதம். பூவைப் பார்க்க மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் நீங்கள் யோசிக்க வேண்டியது அதன் நஞ்சைப் பற்றித்தான். மாநில மலர் என்று பெருமையாகச் சொல்கிறோமே தவிர, இலை, தண்டு, விதை, கிழங்கு எல்லாமே நஞ்சு என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. கோல்ச்சிசின் என்னும் அந்தப் பொருள் உடலில் செல்கள் இரண்டாகப் பிரிவதையே தடுத்துவிடுகிறது. அதனால் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருக்கும் குடலும் எலும்பு மஜ்ஜையும் முதலில் அடிபடுகின்றன. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும்; அவை அடங்கிவிட்டன என்று நினைத்திருக்கும்போதே இரத்த அணுக்கள் குறையும்; பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரங்களில் தலைமுடி கொத்தாக உதிர்வதுண்டு. வள்ளிக்கிழங்கு என்று எண்ணி அவித்துத் தின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் வேகவைத்தாலும் நஞ்சு போவதில்லை. இதே பொருளைத்தான் மிகச் சிறிய அளவில் கௌட் என்னும் மூட்டுவலிக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் வைத்தியம் பார்க்கத் துணியக் கூடாது. தப்பித்தவறி யாராவது வாயில் வைத்துவிட்டால், கைமருந்து எதுவும் தேடாமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், தின்றது இன்னது என்று சொல்லிவிட வேண்டும்.

ஆகையால் பேரப்பிள்ளைகள் விளையாடும் வாசல் பக்கம் வேண்டாம். ஆட்டுப்பட்டியை ஒட்டியும் வேண்டாம். கிழங்கைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மாங்காய் போன்ற காய்கள் வெடித்தால் உள்ளே செக்கச்செவேலென்று விதைகள் இருக்கும், குழந்தைகளின் கண்ணை அவை இழுக்கும். எனவே விதை எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் காய் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடுவது நல்லது. இவ்வளவையும் கேட்டபின் வேண்டாம் என்று தோன்றினால், அதையும் நான் நியாயமான முடிவாகவே எடுத்துக்கொள்வேன்.

வைப்பது என்றே முடிவு செய்தால், இடம் எது என்பதுதான் பாதி வேலை. வாழைப்பாத்தி ஈரமாகவே இருக்கிறது, அங்கே வைக்கலாம் என்றீர்கள். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓயாமல் போகும் அந்த இடத்தில் கிழங்கு அழுகிவிடும். காட்டில் இது புதர்களின் நடுவே முளைத்து, அடி நிழலில் இருக்க, தலை வெயிலுக்கு ஏறிவிடும். உங்கள் புளியமரத்தின் கிழக்கு ஓரம், காலை வெயில் படும் சரளை கலந்த செம்மண், அதற்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். மட்கிய சாணமும் சருகும் கலந்து, ஆனி கடைசியிலோ ஆடி முதலிலோ மழை பார்த்து, நான்கு விரல் ஆழத்தில் கிழங்கைப் படுக்கை வசமாக வையுங்கள். கவட்டையின் ஒவ்வொரு கிளைக்கும் நுனியில்தான் முளை இருக்கும்; எளிதில் ஒடியும் அந்த நுனி போய்விட்டால் அந்தக் கிளை தழைக்காது. வாங்கும்போதும் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கொடிக்குத் தனியாகச் சுருள்கம்பி கிடையாது, இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றிக்கொள்ளும். வழவழப்பான இரும்புக் குழாயைவிட முள்கிளுவை வேலி அதற்குப் பிடிக்கும். பயிரிடுகிறவர்களும் அதன்மேல்தான் ஏற்றிவிடுகிறார்கள். கறுப்பு உடம்பில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளி வைத்த புழு ஒன்று வரும். இலை முழுவதையும் அது தின்றுவிடும் என்பதால் கண்டவுடன் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மருந்து அடிக்கத் தேவையில்லை.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை பூக்கும். மொட்டு விரிகையில் பச்சை, பிறகு அடியில் மஞ்சளும் மேலே சிவப்பும், முதிரும்போது முழுச் சிவப்பு என்று ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒன்றாக நிற்கும். ஆறு இதழ்களும் பின்னுக்கு மடிந்துகொள்ள, சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்து நீளும். அதனால் தன் மகரந்தம் தன் மேலேயே படுவது குறைவு.

மார்கழி, தை வாக்கில் கொடி பழுத்துக் காய்ந்துவிடும். பட்டுப்போயிற்று என்று நீங்கள் தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிடுவீர்களோ என்பதுதான் என் பெரிய பயம். பழைய கிழங்கு சுருங்கி, அதன் இடத்தில் புதுக் கிழங்கு உருவாகி மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் அதற்குச் சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். களைக்கொத்துப் பட்டு நுனி ஒடியாமல் இருக்க, சுற்றிலும் கல் வைத்து அடையாளம் செய்துவிடுங்கள்.

கிளுவைப் போத்துகளைக் கோடை மழைக்கு முன்பே நட்டால்தான் ஆடிக்குள் நிலைகொள்ளும். ஆகவே பங்குனி முடிவதற்குள் இடத்தை மாமாவிடம் கேட்டு முடிவு செய்து எனக்குச் சொல்லுங்கள். போத்துகளை நான் பாலக்கோட்டிலிருந்து வெட்டி எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்